கோட்டின் சுருக்கம்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆடை பாதியாயின், அவ்வாடையிற் படிந்த சுருக்கத்திற்கு எத்துணைப் பங்கு என்பதை அப்பழமொழி கூறிற்றிலது. ஆயினும், கல்லூரிப் படிப்பை முடித்து நேர்முகத் தேர்வுக்குப் புறப்படும் இளைஞர் யாவரும் அக்கணக்கை நன்கறிவர். வேட்டியும் சட்டையுமாயின் கஞ்சியிட்டுப் பெட்டி போட்டுவிட்டாற் காரியம் முடிந்தது. கம்பளிக் கோட்டோ அவ்வளவில் அடங்குவதன்று. அதனைக் குறித்து யாம் கண்டும் கற்றும் அறிந்தவற்றைச் சக மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

எம் தந்தையார் பள்ளியாசிரியர். அவருக்கு இருந்தது ஒரே கோட்டு; சாம்பல் நிறக் கம்பளியால் தைத்தது. பள்ளி ஆண்டு விழாவிற்கும் உறவினர் திருமணங்களுக்குமே அதனை அணிவார். அவர் மறைந்தபின் ஆறாண்டுகள் அது பாச்சை உருண்டைகளுடன் இரும்புப் பெட்டியில் உறங்கிற்று. யாம் பட்டம் பெற்ற ஆண்டில் சென்னையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. புதுக் கோட்டு வாங்கும் நிலைமையில் எம் இல்லம் இல்லை. அன்னையார் பெட்டியைத் திறந்து அதனை வெளியே எடுத்தார். முதுகிலே மடித்து வைத்த கோடுகள். முழங்கைகளிலே ஆழ்ந்த மடிப்புகள். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது தந்தையாரின் வழக்கம். அவ்வழக்கமே துணியிற் படிந்து கிடந்தது. அன்னையார் அம்மடிப்பை விரலால் தடவி, "இதுவும் போய்விடுமா, கண்ணு?" என்று வினவினார். யாம் மறுமொழி கூறாது கோட்டை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குச் சென்றோம்.

அங்கே வேப்ப மரத்தடியிற் கரிப் பெட்டி கொண்டு துணி தேய்க்கும் பெரியவர் கோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தார். "தம்பி, இது கம்பளி. கரிச் சூட்டுக்குக் கணக்குக் கிடையாது. நேரே பெட்டியை வைத்தால் பொசுங்கும். பொசுங்காவிட்டாலும் அந்த இடம் மட்டும் மினுமினுத்துப் போகும். முதலில் வெந்நீர் ஆவியிலே தொங்க விடுங்கள். மிச்சம் இருந்தால் நாளைக்குக் கொண்டு வாருங்கள்" என்றார். கைக்கு வந்த கூலியினும் பிறர் துணியைப் பெரிதாக மதித்த அப்பெரியவரை யாம் இன்றும் நன்றியோடு நினைக்கின்றோம்.

அவர் அனுபவத்தால் அறிந்ததன் காரணத்தை யாம் பின்னர்ப் படித்தறிந்தோம். கம்பளி என்பது ஆட்டின் உரோமம். கெராட்டின் என்னும் புரதத்தாலானது. அப்புரதத்தின் நீண்ட சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்துகின்றன. உடலின் வெப்பமும் வியர்வையின் ஈரமும் அப்பிணைப்புகளைத் தளர்த்துகின்றன. துணி மடங்கியவாறே ஆறி உலரும்போது புதிய பிணைப்புகள் அந்நிலையிலே தோன்றிவிடுகின்றன. இதுவே சுருக்கம். ஆதலின் அதனை நீக்கவும் வெப்பமும் ஈரமுமே வேண்டும். முள்ளை முள்ளால் எடுப்பது போன்றதே இது. மேலும், கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை, தொட்டால் நனைந்ததாகத் தோன்றாமலே உட்கொள்ள வல்லது. அதன் சங்கிலிகளிடையே உள்ள கந்தகப் பிணைப்புகளோ நீராவியில் எளிதில் அறுவதில்லை. அவை இழையைத் தன் பழைய வடிவிற்கே மீட்டு இழுக்கின்றன. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி என்னும் அறிஞர் 1930-களில் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு, கம்பளி இழையை இழுக்கும்போது அதன் மூலக்கூறுகளின் வடிவமே மாறுதலைக் காட்டினார்.

பருத்திக்கு இவ்வியல்பு இல்லை. அதனாலேயே பருத்திச் சட்டை தானாக நிமிர்வதில்லை. அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே இரசாயன முறையால் பிணைப்பு உண்டாக்கிச் சுருக்கத்தைக் குறைக்கும் ஆராய்ச்சியிற் பெரும் பங்கு கொண்டவர், 1916-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரிற் பிறந்த ரூத் பெனரிட்டோ என்னும் அம்மையார்.

இனிச் செய்முறையைக் கூறுவோம். பைகளை வெறுமையாக்கி, தோள் அகன்ற மாட்டியிற் கோட்டை மாட்டுக. குளியலறைக் கதவை அடைத்து, கொதிநீர் நிறைந்த வாளியை வைத்து, நீர் தெறிக்காத தொலைவில் அதனை அரைமணி நேரம் தொங்கவிடுக. பின்னர்க் காற்றோட்டமான இடத்தில் இரவு முழுதும் விடுக. எஞ்சிய சுருக்கங்களின்மேல் ஈரமாகப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை விரித்துப் பெட்டியை வைத்து எடுக்க, இழுத்துத் தேய்த்தலாகாது. மின்சாரப் பெட்டியாயின் இரு புள்ளிக் குறியே கம்பளிக்கு ஏற்றது; அஃது 150 பாகை செல்சியஸை மேல்வரம்பாகக் கொண்டது. உள்துணிக்கு அதனினும் குறைந்த சூடே வேண்டும். முற்றும் ஆறுமுன் அணிந்தால், சூடும் ஈரமும் உள்ள துணி உடனே புதிய மடிப்பை ஏற்றுக்கொள்ளும்.

எம் கோட்டின் முதுகுக் கோடுகள் மறுநாட் காலையிலேயே மறைந்தன. முழங்கை மடிப்புகளோ பாதியே தளர்ந்தன. பெரியவர் ஈரத்துணியிட்டு இருமுறை பெட்டி வைத்தும், பல்லாண்டு மடங்கித் தேய்ந்த இழைகளில் மெல்லியதொரு கோடு நின்றது. "இன்னும் ஒருமுறை அழுத்தட்டுமா, தம்பி?" என்றார். வேண்டாமென்றோம். வீட்டில் அன்னையார் கையுறையைத் திருப்பிப் பார்ப்பது போலக் கோட்டின் கையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் கூறாமல் அதனை மாட்டியில் மாட்டினார்.

அவ்வேலை எமக்குக் கிட்டவில்லை. அடுத்த ஆண்டு அதே கோட்டுடன் சென்ற வேறோரிடத்திற் கிட்டிற்று. அதன்பின் எமக்கு இளைய மாணவர் மூவர் அதனை இரவல் பெற்று அணிந்து சென்றனர். இரவற் கோட்டென நாணி எவரும் தோள் குறுக வேண்டுவதில்லை. தேர்வுக்கு இருநாள் முன்பே அதனை வெளியே எடுங்கள், ஆவி காட்டுங்கள், ஓர் இரவு ஓய்வு கொடுங்கள். எஞ்சும் ஒரு கோட்டிற்காகத் துணியைப் பொசுக்காதீர்கள். அக்கோடு அதனை முன் அணிந்து உழைத்தவர் கையடையாளமாக இருத்தல் கூடும். அதனோடு செல்வது குறையன்று.