கிரகணமும் கேட்காத கூக்குரலும்

கிரகணம் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று பல வருடங்களுக்கு முன்பே கணக்குப் பார்த்துச் சொல்லிவிடலாம். அப்படியென்றால் அதில் இறைவனின் எச்சரிக்கை எங்கே இருக்கிறது? படிப்பிக்கிற நம்மிடம் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது.

இதே கேள்வியோடு யூத மார்க்க அறிஞர்களும் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். "யூதர்களா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். அரசியல் வேறு, அறிவு வேறு. அவர்களும் வேதம் கொடுக்கப்பட்டவர்கள்தான்.

அவர்களுடைய தல்மூதில், சுக்கா என்ற பகுதியில் ஓர் உவமை வருகிறது. அரசன் ஒருவன் பணியாளர்களுக்கு விருந்து வைத்து, முன்னால் விளக்கையும் ஏற்றி வைக்கிறான். பிறகு அவர்கள்மேல் கோபம் வந்து, விளக்கை எடுத்துவிடச் சொல்லி அவர்களை இருட்டில் உட்கார வைக்கிறான். சூரிய கிரகணம் அப்படிப்பட்டதாம். ஆனால் இறைவன் சொற்படி நடப்பவர்கள் இந்தச் சகுனங்களுக்குப் பயப்படத் தேவையில்லை என்றும் அதே இடத்தில் வருகிறது.

தல்மூத் தொகுக்கப்பட்ட அதே பாபிலோனில், அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரகணங்கள் ஏறத்தாழ 18 வருட ஒழுங்கில் திரும்பி வருவதைக் கண்டுபிடித்திருந்தார்கள். கணக்குக்குள் அடங்குவது எப்படிக் கோபத்தின் அடையாளமாகும்? 1609இல் மறைந்த பிராக் நகரத்து ரப்பி மஹரால் சொன்ன பதில் இது: கிரகணம் இயற்கையின் ஒழுங்குதான், மனிதன் பாவம் செய்யாதவனாக இருந்திருந்தால் இறைவன் அந்த ஒழுங்கையே வேறு விதமாக அமைத்திருப்பான். 18ஆம் நூற்றாண்டின் ரப்பி யோனத்தான் ஐபெஷூட்ஸ், அங்கே சொல்லப்படுவது சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளைப் பற்றி என்று விளக்கினார்.

நமக்கு இதில் தெளிவான வழிகாட்டல் உண்டு. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் கிரகணம் பிடித்தது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் திருத்தி, தொழச் சொன்னார்கள். ஆகவே சூரியனை மறைக்கும் பாவங்கள் என்று தல்மூத் தரும் பட்டியலை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலை வாசித்தால் மனம் அதைவிட்டு நகர மறுக்கிறது.

மறைந்த பெரிய நீதிபதி ஒருவருக்கு உரிய இரங்கல் செய்யாமல் விட்டது. இரண்டு சகோதரர்களின் இரத்தம் ஒன்றாகச் சிந்தப்பட்டது. ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு ஜனாஸா என்றால் என்னவென்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இன்னொன்று, நிச்சயிக்கப்பட்ட ஒரு பெண் ஊருக்குள்ளேயே கூக்குரலிட்டும் காப்பாற்ற ஒருவரும் வராதது.

இவற்றுக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம்? தல்மூதின் பெரிய உரையாசிரியர் ராஷி, இதற்குத் தாம் காரணம் எதுவும் கேள்விப்படவில்லை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார். எவ்வளவு நேர்மையான ஆசிரியர்!

காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அந்தப் பெண் கத்தியது காட்டுக்குள் அல்ல, ஊருக்குள். சுற்றிவர வீடுகள். கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்றும் மதிலுக்கு அப்பால் ஒரு பெண்ணின் அழுகை கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? "அது அவங்கட குடும்ப விசயம்" என்று டீவியின் சத்தத்தைக் கூட்டுகிறோம்.

கிரகணத் தொழுகைக்கு நேரம் பார்த்துப் பள்ளிக்குப் போகிறோம், அல்ஹம்துலில்லாஹ். பக்கத்து வீட்டில் கூக்குரல் கேட்டாலும் எழும்பிப் போய்க் கதவைத் தட்டுவோம்.