உப்பைக் கழுவும் மழை

அன்புள்ள நண்பனுக்கு,

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம், மல் தீவிலிருந்து எழுதுகிறேன். ஓபன் துறைமுகத்தில் கேம்பர் வேனோடு கப்பலேறி கிரெய்க்னூரில் இறங்கியதிலிருந்து மழைதான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகமெல்லாம் வந்து மோதுவது இந்த மலைகளில், கேட்கவா வேண்டும்! 966 மீட்டர் உயரமுள்ள பென் மோர் பக்கத்திலேயே நிற்கிறது. இன்று அதன் அடிவாரம் மட்டும்தான் தெரிந்தது.

வந்தது நீர்நாய் பார்க்க. நம் காவிரியில் கூட்டமாகச் சேர்ந்து மீனை வளைக்குமே, அந்த இனம் இல்லை. இது யூரேசிய நீர்நாய். பெரும்பாலும் தனியாகத்தான் திரியும், தாயானால் கூடவே குட்டிகள். பல இடங்களில் இருட்டிய பிறகே வெளியே தலைகாட்டும் இந்தப் பிராணி, இந்தக் கரையில் பட்டப்பகலில் கடலில் இறங்கி இரை தேடுகிறது. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

“மழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், காற்றைப் பாருங்கள்” என்று முகாமில் இருந்த பெண்மணி சொல்லி அனுப்பினார். எத்தனை சரியான பேச்சு! காற்றடித்து அலை எழும்பிவிட்டால் எல்லா அலையும் நீர்நாய்த் தலையாகத் தெரியும். இன்று காற்றில்லை. லாக் ந கீல் என்னும் கடல் நீட்டம் மலைகளுக்கு நடுவே அசையாமல் கிடந்தது. கரையை ஒட்டியே ஒற்றைத் தடச் சாலை. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஆங்காங்கே இருக்கும் ஒதுக்கிடங்களில் நிறுத்தக் கூடாது. உள்ளூர்க்காரர்களின் அன்றாடப் பிழைப்பு இந்தச் சாலையை நம்பியிருக்கிறது. தள்ளி ஒரு புல்வெளி ஓரமாக வேனை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். மழை மடியில் தெறித்துக்கொண்டே இருந்தது.

கடல் வற்றிக்கொண்டிருந்த நேரம். பாறைகளில் ஒட்டிய பழுப்புப் பாசி வெளியே தெரிய ஆரம்பித்தது. நீர் குறையக் குறைய, பாசிக்காட்டின் அடிவரை மூழ்கி நண்டையும் சிறுமீனையும் துழாவுவது நீர்நாய்க்கு எளிது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டவ்வில் டீ வைத்துக் குடித்தோம். நீர்நாய் என்று நினைத்ததெல்லாம் பாசிக் கொத்தாகவே இருந்தது.

பிறகு ஒரு வால் நுனி செங்குத்தாக எழுந்து மறைந்தது. அரை நிமிடத்துக்குள் தட்டையான தலை மேலே வந்தது, வாயில் எதையோ மென்றுகொண்டே. சின்ன மீனென்றால் மிதந்தபடியே தின்றுவிடும். பெரிய இரையைத்தான் கரைக்குக் கொண்டுவரும். கொஞ்ச நேரத்தில் ஒரு நண்டைக் கவ்விக்கொண்டு எங்கள் எதிரே இருந்த பாறையில் ஏறியது. நண்டின் கால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. கடைவாயில் வைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, ஓட்டை நொறுக்கிய சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. முதுகு ரோமம் ஈரத்தில் முள் முள்ளாக நின்றது.

தின்று முடித்ததும் அது கடலுக்குத் திரும்பவில்லை. மலையிலிருந்து இறங்கி, சாலைக்கு அடியில் குழாய் வழியாக வந்து கரையில் விழும் ஓடை நீரில் போய்ப் புரண்டது. வயிற்றை, முதுகை, கழுத்தை மாற்றி மாற்றித் தேய்த்தது. சீல் என்னும் கடல் விலங்குக்கு இருப்பதைப் போலத் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு இதற்குக் கிடையாது. அடர்ந்த அடி ரோமம் பிடித்துவைக்கும் காற்றுதான் குளிருக்குக் கவசம். கடலுப்பு படிந்தால் ரோமம் ஒட்டிக்கொள்ளும், கவசம் போய்விடும். அதனால் கடலில் எவ்வளவு இரை இருந்தாலும், கழுவிக்கொள்ள நல்ல தண்ணீர் பக்கத்தில் இல்லாத கரையில் அதனால் வாழ முடியாது. இந்த ஓடைகளையும் மேட்டுக் குட்டைகளையும் நிரப்பி வைப்பது யார்? காலையிலிருந்து நாங்கள் அலுத்துக்கொண்டிருந்த இதே மழைதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. ஒருவர் கேமராவோடு கரைக்கு ஓடினார். நீர்நாய் நீரில் வழுக்கி இறங்கியது, அவ்வளவுதான். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வண்டிக்குள்ளேயே இருந்திருந்தால் அவரும் பார்த்திருக்கலாம். 1950களிலிருந்து டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகள் ஆறுகளில் கலந்து இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நீர்நாய் அற்றுப்போனது. எல்லா மாவட்டங்களுக்கும் அது திரும்பிவிட்டதென்று 2011இல்தான் அறிவிக்க முடிந்தது. அந்தக் கெட்ட காலத்தில் தாக்குப்பிடித்த கரை இது. இங்கேயாவது நிம்மதியாகத் தின்னட்டும்.

திரும்பும் வழியில் வெண்வால் கடற்கழுகு ஒன்று நனைந்த சிறகோடு மரத்தில் உட்கார்ந்திருந்தது. பிரிட்டனின் கடைசிக் கடற்கழுகை 1918இல் சுட்டார்கள். 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் விட்டார்கள். அவற்றின் முதல் குஞ்சு 1985இல் இந்த மல் தீவில்தான் சிறகு முளைத்துப் பறந்தது.

நாளை வற்றம் இன்றைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். தெற்கே லாக் ஸ்கிரிடன் பக்கம் போகிறோம். மழை இருக்குமாம், காற்றும் சேர்ந்து வரும் என்கிறார்கள்; காற்று மட்டும் வராமல் இருக்க வேண்டும். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா? நீர்நாய் ஏதும் கண்ணில் பட்டதா? எழுது.

அன்புடன்,
உன் நண்பன்