தகவலாளி எண் 7

எங்களில் ஒருவரின் ஆய்வேடு போன மாதம் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கப்பட்டது. பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல். பெயர், வயது, ஊர், கல்வி, தொழில் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் ஏழாவதாக இருப்பவர் அந்தத் தோழியின் அப்பா. கல்வி: மூன்றாம் வகுப்பு. தொழில்: கூலி.

இசைத் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகளாக அல்லாடும் நான்கு பேர் நாங்கள். ஒரே ஊர் இல்லை, ஒரே பல்கலைக்கழகமும் இல்லை. நான்கு வீட்டிலும் பறை இருந்தது என்பதுதான் ஒற்றுமை. இந்த ஆண்டு சேரலாமா என்று கேட்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறோம்.

எல்லோரும் நெட் தேர்வுக்குப் பயப்படுகிறார்கள். அது பெரிய விஷயமில்லை. 72 மேளகர்த்தாவையும் மனப்பாடம் செய்துவிடலாம், நாங்களும் செய்தோம். 2022 ஒழுங்குமுறைக்குப் பிறகு எம்.ஃபில். கிடையாது என்பதுதான் இழப்பு. வீட்டில் முதல் ஆளாக ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் எழுதிப் பழக அது ஒரு படியாக இருந்தது. இப்போது நேராகக் கிணற்றில் குதிக்க வேண்டும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை காகிதத்தில் மாதம் 37,000 ரூபாய். வரும்போது வரும். ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் எழுதிவைத்த கடிதத்திலேயே ஏழு மாத உதவித்தொகை பாக்கியைக் குறிப்பிட்டிருந்தார் என்பதை மறக்காதீர்கள். தனியாகக் கடன் வாங்காதீர்கள். நாங்கள் நால்வரும் ஒரு பொதுக் கணக்கு வைத்துக்கொண்டோம். யாருக்குப் பணம் வந்தாலும் அதில் ஒரு பங்கு போகும்.

ஆய்வுக் குழு முன்னால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிற்க வேண்டும். முதல் அமர்விலேயே, "இது நாட்டார் வழக்காற்றியல் துறைக்குப் போக வேண்டிய தலைப்பாச்சே?" என்றார்கள். அந்தத் துறைக்குப் போன இன்னொரு தோழரிடம், "இசை நுணுக்கமெல்லாம் இசைத் துறைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். எங்கள் வாத்தியம் இரண்டு வாசலுக்கும் நடுவில் வெயிலில் நிற்கிறது. (பறை பற்றிய ஆய்வேடுகள் பெரும்பாலும் தொல்காப்பியக் கருப்பொருளில் பறை வருவதைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஈராயிரம் ஆண்டுச் சான்றிதழ் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்ற பயம்.)

மதுரை இறையியல் கல்லூரியில் கிராமிய இசையை விடுதலைக்கான மொழியாகக் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு பற்றி எங்களுக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. 2014இல் சோயி ஷெரினியன் ஆங்கிலத்தில் எழுதிய நூல் வழியாகத்தான் தெரிந்துகொண்டோம்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வீட்டில் இருந்தது.

தோழியின் அப்பா 1990களில் பறையைக் கீழே வைத்தவர். இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சேரி இளைஞர்கள் கூடி முடிவெடுத்தபோது முன்னால் நின்றவர். அதற்காக அடியும் வாங்கினார், வயல் வேலையும் போயிற்று. பறை பரணில் கிடந்து தோல் கிழிந்துபோனது. அவரிடம் போய், ஒலிப்பதிவு செய்ய வேண்டும், அடித்துக் காட்டுங்கள் என்று மகளே கேட்கிறார்.

"நீ படிக்கணும்னுதாம்மா அத கீழ வச்சேன். படிச்சிட்டு வந்து அதயே எடுக்கச் சொல்றியா?"

அன்றிரவு தோழி எங்களுக்குப் போன் செய்து அழுதார். ஆய்வை விட்டுவிடலாம் என்றுகூடப் பேசினோம். பறையை மீட்டு மேடையேற்றுவது விடுதலையா, தூக்கிப் போடுவது விடுதலையா என்பதில் எங்கள் நால்வருக்குள்ளேயே இன்றுவரை ஒத்த கருத்து கிடையாது.

மூன்று மாதம் கழித்து அவராகவே கூப்பிட்டார். வேப்பங்கட்டைச் சட்டம் கெடாமல் இருந்ததாம். புதுத் தோல் வாங்கி, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஒட்டியிருந்தார். சுள்ளி எரித்துக் காய்ச்சி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, ஒத்தையடி என்று மூன்று நாள் அடித்தார். சாவு அடி மட்டும் வாசிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆய்வேட்டில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

எழுதியதை வாசித்துக் காட்டியபோது, "இடது கைக் குச்சிய எங்கம்மா காணோம்?" என்றார். கர்நாடகத் தாளக் கணக்கில் வலது கை அடிக்குச்சியை மட்டும் எழுதியிருந்தோம். இடது கையில் சுண்டுக்குச்சி இடையிடையே நிரப்புவதை விட்டுவிட்டோம். இரண்டு வரியாகப் பிரித்து எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. ஆறு மாத வேலை.

இப்படித் திருத்தியவர் தகவலாளியா, ஆசிரியரா? நன்றியுரையில் "என் இசை ஆசிரியர்" என்று தோழி எழுதினார். அதை விட்டுவிட்டார்கள். பட்டியலில் தொழில் என்ற கட்டத்தில் "பறை ஆசிரியர்" என்று போட்டதற்கு, சான்று இருக்கிறதா என்று திருப்பி அனுப்பினார்கள். கூலி என்று போட்டபோது யாரும் சான்று கேட்கவில்லை. ஒப்படைக்க வேண்டிய கெடு நெருங்கிவிட்டதால் கூலி என்றே போயிற்று. எங்களுக்கு அது இன்னும் ஆறவில்லை. வாய்மொழித் தேர்வில் இந்தக் கட்டத்தைப் பற்றியே முதலில் பேசப்போவதாகத் தோழி சொல்லியிருக்கிறார்.

அந்தத் தேர்வு பொதுவில் நடப்பது, யாரும் வந்து உட்காரலாம். தேதி இன்னும் வரவில்லை. அப்பாவிடம் சொன்னோம். வருகிறேன் என்றார். பறையையும் எடுத்துவரட்டுமா என்று கேட்டுவிட்டு, "அங்க தீ மூட்ட எடம் இருக்குமா?" என்றார்.

குளிரூட்டிய அரங்கம் அது. வெளியே வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலை பார்த்து வைத்திருக்கிறோம்.