பூச்சி மணலும் இரண்டேகால் அங்குலமும்

தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் வள்ளத்திலிருந்து இறக்கப்படும் பொருள் சங்கு என்று வெளியூர்க்காரர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள். பால் வெள்ளையெல்லாம் கடைத்தெருவில்தான். உயிருள்ள சங்கின் மேல் பழுப்புத் தோல் ஒன்று போர்த்தியிருக்கும். பாசியும் சேறும் அப்பியிருக்கும். தோலைப் போக்கித் தேய்த்த பிறகுதான் அது வெண்சங்கு.

சங்கு என்றதும் தமிழருக்குக் கோயிலும் சாவு வீடும் நினைவுக்கு வரும். மன்னார் வளைகுடா சங்குக்குச் சோறு போடுவதோ வங்காளத்துக் கல்யாணங்கள். மணமான இந்துப் பெண்ணின் கையில் சிவப்பு வளையலோடு சங்கு வளையலும் இருக்க வேண்டும். பிஷ்ணுப்பூரிலும் டாக்காவின் சங்கரி பஜாரிலும் தலைமுறை தலைமுறையாகச் சங்கை அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். தொழில் அதைவிடப் பழையது. குஜராத்தின் நாகேஷ்வரில் ஹரப்பா காலச் சங்குப் பட்டறையே கிடைத்திருக்கிறது. கொற்கை மண்ணிலும் அறுத்துப் போட்ட சங்குத் துண்டுகள் கிடைத்தன.

இவ்வளவு தேவையையும் தாங்கும் பிராணி மெதுவாக வளரும் ஒரு கடல் நத்தை. மேல்நாட்டார் விரும்பி உண்ணும் 'வெல்க்' நத்தைக்குத் தூரத்து உறவு. அதைப் போலவே ஊனுண்ணி. மணலுக்குள் குழாய் கட்டிக்கொண்டு வாழும் புழுக்கள்தான் இதன் உணவு. குளியாளிகளுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். புழு மிகுந்த நயமான மணலைப் 'பூச்சி மணல்' என்பார்கள். சங்கு தேடி இறங்குவதும் அங்கேதான்.

இனப்பெருக்கத்தில்தான் சங்கின் பலவீனம் இருக்கிறது. ஆண் வேறு, பெண் வேறு. ஆண்டின் முதல் மாதங்களில் பெண் சங்கு, கிடாக்கொம்பு போல முறுக்கிய ஒரு முட்டைக் கூட்டை இட்டு அதன் அடியை மணலில் ஊன்றி வைக்கும். உள்ளே அடுக்கடுக்காக அறைகள். சிப்பியின் குஞ்சுகள் நீரில் மிதந்து வெகுதூரம் போகும். சங்குக் குஞ்சுக்கு அந்தப் பருவமே கிடையாது. குட்டிச் சங்காகவே வெளிவந்து, பிறந்த மணலிலேயே ஊர்ந்து திரியும். எனவே ஒரு பரப்பைத் துடைத்து எடுத்துவிட்டால், வேறு கடலிலிருந்து குஞ்சுகள் மிதந்து வந்து நிரப்பப் போவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து தண்ணீர் தெளியும் காலமே குளிப்புக்கும் தோது. முட்டையிடும் மாதங்களும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

சென்னை மாகாணத்தில் முத்து, சங்குக் குளிப்பைக் கவனித்து வந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். அன்று கரையில் ஓர் உலோக வளையம் வைத்திருப்பார்கள். குறுக்களவு இரண்டேகால் அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர். அதற்குள் நுழைந்து விழும் சங்கு சிறியது; உயிரோடு கடலுக்கே திரும்பும். எளிய ஏற்பாடு, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிறகு மாநில அரசு என்று ஏகபோகமாக ஒரே கை வாங்கிய காலத்தில், சிறிய சங்கை எடுத்து வந்தவருக்கு மூச்சு வீணானதுதான் மிச்சம். தனியார் வியாபாரம் பெருகிய பிறகு சின்னதற்கும் விலை வந்துவிட்டது. வளையலுக்கு உதவாத குட்டிச் சங்கு, குழந்தைக்கு மருந்து புகட்டவும் சாவிக்கொத்தில் தொங்கவும் உதவுகிறதே!

குளிப்பும் மாறிவிட்டது. மூச்சடக்கி இறங்கியவர் எவ்வளவு நேரம் நீருக்கடியில் இருக்கலாம் என்பதை அவர் நுரையீரலே தீர்மானித்தது. படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வந்தால் அந்த வரம்பு போய்விடும். அதற்கு மனிதர் தரும் விலையும் உண்டு. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகிறது. மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம், மரணம் வரை போகலாம். தடை போட்டுவிடுங்கள் என்று சொல்வது எளிது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்துக்குப் பழகிய குடும்பங்களுக்கு எஞ்சியது சங்குதான்.

வலம்புரி ஆசை வேறு. நம் கடலின் சங்கு ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. திசை மாறிச் சுழன்றது அபூர்வம், விலையும் அப்படியே. அந்தப் பெயரில் விற்கப்படுபவற்றில் பல, அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையிலிருந்து வந்த 'மின்னல் வெல்க்'. அந்த இனத்துக்கு இயல்பே அந்தச் சுழற்சிதான். டெக்சாஸ் மாநிலம் 1987-இல் தன் அரசுச் சின்னமாக ஏற்ற கிளிஞ்சல் அது. இங்கே பூஜையறையில் லட்சுமி கடாட்சம்.

அடிமட்டத்தில் இடும் வலைகளில் சங்கோடு முட்டைக் கூடும் சிக்கி வருவதுண்டு. கரைக்கு வந்து வெயிலில் காய்ந்தால் உள்ளிருக்கும் குஞ்சுகள் செத்துவிடும். வலையை உதறும் முன், கடலில் இருக்கும்போதே அதைப் பிரித்து மணற்பரப்பில் போட்டுவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. சட்டமோ காவலோ கேட்காத வேலை. வள்ளத்தில் இருப்பவரின் கை மட்டும் போதும்.