எலுமிச்சம்பழம் வைக்கக் குனியும்போது டயரையும் பாருங்க



ஆயுத பூசைக்கு இன்னும் சில நாள்தான் இருக்கு. வழக்கம்போல நம்ம ஆலயத்துல வாகன பூசை நடக்கும். அதுக்கு முன்னாடி, போன வருஷம் நவராத்திரியில எனக்கு நடந்ததை எழுதிடணும்னு தோணுச்சு. சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. நாலு பேருக்கு உதவினா போதும்.

என்னோட காடியை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பழைய சிவிக் 2.0. "இந்த வயசுல ஸ்போர்ட்ஸ் காடி எதுக்கு?"ன்னு வீட்டுல கேட்டாங்க. தோட்டத்துல இருந்து சைக்கிள் மிதிச்சுப் பள்ளிக்கூடம் போனவன் நான், ஒரு ஆசைதான். அந்தக் காடிக்கு அகலமான டயர், புதுசு போட்டா விலை அதிகம். நாலு டயரும் தேஞ்சு போனப்ப, முன்னாடி ரெண்டு மட்டும் புதுசு போட்டேன். பின்னாடி ரெண்டும் செகண்ட் ஹேண்ட். ஏறக்குறைய 400 வெள்ளி மிச்சம். கெட்டிக்காரத்தனம் பண்ணிட்டதா நினைச்சேன்.

நவராத்திரி ஐந்தாம் நாள் சாயங்காலம். பெஸ்தாரி ஜெயா பக்கம் (நம்ம வாய்க்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான்) ஒரு தோட்டத்துல இருந்து மாலைக் கூடையையும், மாலை கட்டுற பாட்டியையும் ஏத்திக்கிட்டு வந்தேன். அக்டோபர் மழையைப் பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லணுமா? வானமே இடிஞ்சு விழுற மாதிரி கொட்டுச்சு. பூசைக்கு நேரமாச்சுன்னு 90-ல போனேன். அந்த மழைக்கு அது ரொம்ப அதிகம்.

செம்பனை லோரிங்க போய்ப் போய்ப் பள்ளமான ஒரு வளைவு. தண்ணி தேங்கி நின்னுச்சு. ஸ்டீயரிங் திடீர்னு லேசாச்சு. அடுத்த நொடி காடியோட பின்பக்கம் வெளியே இழுத்துக்கிட்டுப் போச்சு. அரைச்சுத்து சுத்தி, வந்த திசையையே பார்த்து, வாய்க்காலுக்கு ரெண்டு அடி முன்னால புல்லுல நின்னுச்சு. அந்த நேரத்துல எதிர்ல லோரி எதுவும் வரல.

பாட்டி என்னைத் திட்டல. கூடையை மடியோட இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "பூ நசுங்கலப்பா"ன்னாங்க. எனக்குக் கை நடுக்கம் நிக்கவே இல்ல.

ஆலயத்துல எல்லாரும் "அம்பாள் காப்பாத்திட்டா"ன்னாங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். மறுநாள் காலையில குனிஞ்சு பின் டயரைப் பார்த்தேன். டயர் கோடுகளுக்கு நடுவுல சின்னச் சின்ன மேடு இருக்கும், அதோட உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா மாத்தியே ஆகணும். என்னோடது சமமா இருந்துச்சு. பக்கவாட்டுல இருந்த நாலு எண் 1815. அதாவது 2015-ஆம் வருஷத்தோட 18-ஆவது வாரம் செஞ்சது. ஒன்றாம் வகுப்பு படிக்கிற என் பேரனை விட மூத்த டயர்!

ஃபேக்டரியில நான் சுப்பர்வைசர். ஒரு பெல்ட் தேஞ்சிருந்தா மெஷினை நிறுத்திடுவேன். "ஆர்டர் முக்கியமா, கை முக்கியமா?"ன்னு பையன்களைக் கேட்பேன். அதே ஆள் 400 வெள்ளிக்காக ஒரு பாட்டியோட உயிரைத் தேஞ்ச டயர்ல ஏத்தினேன். அம்பாள் காப்பாத்தினது சத்தியம். காப்பாத்த வேண்டிய நிலைமைக்குக் கொண்டு போனது நான்.

கனடாவுல மொன்றியால் நகரத்துல இருக்கிற என் அக்கா மகன்கிட்ட இதைச் சொன்னேன். அவனும் ஸ்போர்ட்ஸ் காடிப் பைத்தியம். "மாமா, இங்க எனக்கும் முதல் பனியிலேயே பாடம் கிடைச்சது"ன்னான். வேகமா ஓட்டுறதுக்குப் போடுற கோடைக்கால டயர், 7 டிகிரிக்குக் கீழே போனா ரப்பர் இறுகிடும், பனியில பிடிக்காதாம். அவங்க கியூபெக் மாநிலத்துல டிசம்பர் 1-லிருந்து மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். மலைச் சிகரமும் பனிப்பூவும் சேர்ந்த சின்னம் அதுல இருக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற காடியா இருந்தாலும் அது கிளம்பத்தான் உதவும், நிக்கிறதுக்கு டயர்தான் வேணும்னான்.

அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் தலையில அடிச்சது. "நாலும் ஒண்ணா மாத்தணும் மாமா. முன்னாடி மட்டும் நல்ல டயர் போட்டா, முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் சுத்திக்கும்." நான் செஞ்சது அதேதான்! நமக்குப் பனி இல்ல, ஆனா மழை இருக்கு. டயர்ல கோடு இருக்கிறதே தண்ணியை வெளியே தள்ளத்தான். கோடு தேஞ்சா டயர் ரோட்டைத் தொடாம தண்ணி மேல மிதக்கும். அகலமான டயர் இன்னும் சீக்கிரமா மிதக்கும்.

அதனால என் அன்பான வேண்டுகோள்:

• டயர் தேய்மானத்தையும் அந்த நாலு எண்ணையும் பாருங்க. ரப்பர்ல வெடிப்பு இருக்கான்னும் பாருங்க.
• ரெண்டு டயர்தான் வாங்க முடியும்னா, புதுசைப் பின்னாடி போடச் சொல்லுங்க. முன்சக்கரம் இழுக்கிற காடியா இருந்தாலும் அப்படித்தான்.
• காத்து அளவு ஓட்டுநர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கும். டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பாருங்க.
• தண்ணியில காடி மிதந்தா பிரேக்கைப் போட்டு மிதிக்காதீங்க. எண்ணெயை மெல்ல விடுங்க, ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க.
• மழையில வேகத்தைக் குறைங்க. பூசைக்குப் பத்து நிமிஷம் தாமதமா வந்தா அம்பாள் கோவிச்சுக்க மாட்டா.

இந்த வருஷம் வாகன பூசைக்கு அரை மணி நேரம் முன்னாடியே வாங்க. நானும் ரெண்டு தம்பிங்களும் டார்ச் லைட்டோட வாசல்ல நிப்போம். உங்க டயரைப் பார்த்துச் சொல்றோம். காசு கிடையாது, யார் கடைக்கும் விளம்பரமும் கிடையாது. தைப்பூசத்துக்கு லாத்தார் நெடுஞ்சாலை வழியா பத்துமலை போறவங்க கண்டிப்பா வாங்க. மோட்டார் சைக்கிள்ல வர்ற பிள்ளைங்களும்தான்.

சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்க எப்படியும் குனியத்தான் போறோம். அப்ப டயரையும் ஒரு பார்வை பார்த்துடுவோம்.

பாட்டி இன்னும் என் காடியிலதான் வர்றாங்க. ஏறுறதுக்கு முன்னாடி, "டயர் பார்த்தியாப்பா?"ன்னு கேட்பாங்க. "நாலும் புதுசு பாட்டி"ன்னு சொன்ன பிறகுதான் கூடையை உள்ளே வைப்பாங்க.

எல்லாருக்கும் அம்பாள் துணை.

இப்படிக்கு,
உங்கள் ஆலயத் தொண்டன்