பெயரில்லாப் பட்டியல்

மூன்றாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனால் ஒருவருடைய பெயரை மட்டும் நீக்கிவிட்டால் அந்த ஆளையே மறைத்துவிடலாம் என்று அலுவலகங்களும் மருத்துவமனைகளும் நெடுங்காலம் நம்பி வந்தன. அந்த நம்பிக்கை போதாது என்பதை உணர்ந்து, கணிதத்தின் துணையோடு மாற்றுவழி கண்டவர்களுள் முன்னிற்கும் ஓர் அம்மையாரைப் பற்றியே இக்கட்டுரை. அவர் பெயர் சிந்தியா டுவொர்க்.

1958இல் அமெரிக்காவில் பிறந்தவர். தந்தையார் பெர்னார்டு டுவொர்க் புகழ்பெற்ற கணித அறிஞர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1983இல் முனைவர் பட்டம் பெற்ற சிந்தியா, ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 2017இல் ஹார்வர்டில் பேராசிரியரானார். அவர் நெடுநாள் உழைத்த துறைகளுள் ஒன்று கிரிப்டோகிராஃபி, அதாவது செய்தியைப் பிறர் அறியாமல் காக்கும் கலை. 1992இல் மோனி நாவோர் என்பவருடன் சேர்ந்து அவர் ஒரு யோசனை சொன்னார். மின்னஞ்சல் அனுப்பும் கணினி ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு கடிதம் எழுதுபவருக்கு அது பாரமாகாது. லட்சக்கணக்கில் குப்பைக் கடிதம் அனுப்புபவருக்கோ மலையாகிவிடும்.

அத்துறை அதில் உழைப்பவர்க்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுத் தருகிறது. 'இது பாதுகாப்பானது' என்று வெறும் வாயால் சொல்லக் கூடாது. எதிரி யார், அவனுக்கு ஏற்கெனவே என்னென்ன தெரியும், அவன் எதைக் கண்டுபிடித்தால் நாம் தோற்றவராவோம் என்று முதலில் வரையறுக்க வேண்டும்.

இந்தக் கேள்விகள் எவ்வளவு தேவையானவை என்பதை நான் பட்டறிந்திருக்கிறேன். பள்ளி விடுதியில் தங்கிப் படித்த நாளில் மருத்துவர்கள் வந்து எங்களைப் பரிசோதித்தார்கள். பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டது. பெயர் எதுவும் இல்லை. ஊர்வாரியாக நோய்களின் எண்ணிக்கை மட்டுமே இருந்தது. எங்கள் ஊருக்கு நேரே 'வலிப்பு - 1' என்றிருந்தது. எங்கள் ஊரிலிருந்து அந்த விடுதிக்கு வந்தவள் நான் ஒருத்திதான். அன்றிரவே என் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவள் பாயைச் சுருட்டிக்கொண்டு மறுகோடிக்குப் போய்விட்டாள். இன்று இதை நானே எழுதுகிறேன். சொல்வது என் விருப்பம். அன்று அந்த விருப்பத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பெரிய இடத்தவருக்கும் இந்த நிலை நேர்ந்ததுண்டு. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பெயர் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, 20 டாலர் கொடுத்துக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியைக் கொண்டவர்கள் அதில் அறுவர். அவர்களுள் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் எண்ணுக்குள் வசித்தவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவக் குறிப்பு அகப்பட்டுவிட்டது!

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் டுவொர்க்கின் கவனம் இப்பக்கம் திரும்பியது. 2006இல் அவரும் ஃபிராங்க் மெக்ஷெர்ரி, கோபி நிஸிம், ஆடம் ஸ்மித் ஆகியோரும் வெளியிட்ட ஆய்வுரையிலிருந்து 'டிஃபரன்ஷியல் பிரைவசி' என்னும் கொள்கை வளர்ந்தது. ஒரு திரட்டில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதிலிருந்து வெளிவரும் விடை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். தனி ஒருவரால் விடை எவ்வளவு மாறக்கூடும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற அளவில் தற்செயலான சிறு பிழையை விடையோடு கலந்துவிடுகிறார்கள்.

புகை பிடித்தால் புற்றுநோய் வரும் என்று ஓர் ஆய்வு கண்டறிந்தால், அது புகைப்பவர் எல்லாரையும் பாதிக்கும். ஆய்வில் கலந்துகொள்ளாதவரையும் பாதிக்கும். அதைத் தடுக்க வேண்டியதில்லை, ஆய்வின் பயனே அதுதான் என்கிறார் டுவொர்க். கலந்துகொண்ட காரணத்தினாலேயே ஒருவருக்கு வரும் தீங்கைத்தான் தடுக்க வேண்டும்.

இதன் எளிய முன்னோடி ஒன்றை ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965இலேயே காட்டினார். அதன் ஒரு வடிவம் இது. 400 மாணவர்களிடம் கூச்சம் தரும் கேள்வி ஒன்றைக் கேட்கிறோம். ஒவ்வொருவரும் மறைவாக நாணயம் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலைக்கு 'ஆம்' என்றும் பூவுக்கு 'இல்லை' என்றும் சொல்ல வேண்டும். 140 பேர் 'ஆம்' என்றால், ஏறத்தாழ 100 பேர் நாணயம் சொல்லச் சொன்னவர்கள். மீதி 40, உண்மை சொன்ன ஏறத்தாழ 200 பேரிடமிருந்து வந்தது. ஆகவே 400 பேரில் 80 பேர் அளவில் இருப்பார்கள் எனலாம். தொகை நமக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் 'ஆம்' என்ற எவரையும் நோக்கி, நீதான் என்று விரல் நீட்ட முடியாது!

இக்கொள்கைக்காக நால்வருக்கும் 2017இல் கோடெல் பரிசு கிடைத்தது. அமெரிக்கா 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வெளியிட்டபோது இம்முறையைக் கையாண்டது. மாநிலங்களின் மொத்தத் தொகையை அப்படியே விட்டு, சிறு பகுதிகளின் எண்களில் பிழையைக் கலந்தார்கள். சிற்றூர்களின் கணக்கு பழுதாகும் என்று எதிர்ப்பும் எழுந்தது. அலபாமா மாநிலம் 2021இல் வழக்கே தொடுத்தது. அந்த அச்சம் வீணானதன்று. அந்தரங்கத்தைக் காக்கத் துல்லியத்தில் கொஞ்சம் விலை கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு காப்பு என்று கணிதம் சொல்லும். எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மனிதர்கள்தாம் கூடி முடிவு செய்ய வேண்டும்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் தேர்வெழுதி அரசு அலுவலக மேசைகளில் அமரப்போகிறோம். பட்டியல் தயாரிக்கும் கை அன்று நம்முடையதாக இருக்கும். பெயரை நீக்கிவிட்டோம், கடமை முடிந்தது என்று எழுந்துவிடாமல், எந்தக் கட்டத்திலாவது '1' என்று தனித்து நிற்கிறதா என ஒருமுறை பார்ப்போம். அந்த ஒன்று வெறும் எண்ணன்று, ஓர் ஆள்.