தெளிந்த பனிக்கட்டியும் ஒரு வகுத்தல் கணக்கும்



வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் உறையும் பனிக்கட்டியின் நடுவே வெண்மையான புகைபோல் ஒன்று தங்கியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். உணவுக்கடையில் தே ஓ ஐஸில் மிதக்கும் துளையுள்ள பனிக்கட்டியோ கண்ணாடியைப் போலத் தெளிந்திருக்கும். வெள்ளையாக இருப்பது அழுக்கு, தெளிவாக இருப்பது சுத்தம் என்றே மாணவர்கள் பலர் எண்ணுகின்றனர். பெற்றோர்களிலும் அவ்வாறு எண்ணுவோர் உண்டு.

உண்மை வேறு. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. அவ்வடுக்கில் நீரில் கரைந்திருந்த காற்றுக்கும் உப்புகளுக்கும் இடமில்லை. அவை இன்னும் உறையாத நீரை நோக்கித் தள்ளப்படுகின்றன. தட்டில் ஊற்றிய நீர் எல்லாப் பக்கமும் ஒருசேர உறைவதால், தள்ளப்பட்ட காற்று நடுவில் சிக்கிச் சிறுசிறு குமிழ்களாகிறது. அக்குமிழ்களில் ஒளி சிதறுவதே நாம் காணும் வெண்மை. நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி உறைய வைத்தால் வெண்மை சற்றுக் குறையும், முற்றிலும் நீங்காது. ஒரே பக்கத்திலிருந்து மெதுவாக உறைய வேண்டும் என்பதே சூட்சுமம்.

ஓராண்டாக எங்கள் வீட்டிலிருக்கும் தெளிந்த பனிக்கட்டி இயந்திரம் இதைத்தான் செய்கிறது. உள்ளே செங்குத்தாக நிற்கும் கட்டம் போட்ட உலோகத் தகட்டின் பின்புறம் குளிர்கிறது. முன்புறத்தில் சிறிய பம்பு ஒன்று ஓயாமல் நீரை வழிய விடுகிறது. ஓடும் நீர் குமிழ்களைக் கழுவிச் செல்ல, தகட்டின் மேல் பனி படலம் படலமாக வளர்கிறது. ஏறத்தாழ 20 நிமிடத்தில் போதிய தடிப்பு வந்ததும், கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான வாயு தகட்டின் பின்னே பாய்கிறது. பிடி தளர்ந்த பனிக்கட்டிகள் கீழே விழுகின்றன. கடைகளில் கிடைக்கும் துளையுள்ள பனிக்கட்டியும் இதே முறையில் பிறந்ததே. அங்கே நீர் செங்குத்தான குழாய்களின் உட்சுவரில் வழிகிறது. உறையாது எஞ்சிய இடமே அந்தத் துளை.

சில மாதங்களுக்கு முன் என் மாணவன் ஒருவனின் தாயார், "டீச்சர், நானும் இப்படி ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டார். மாலை வேளையில் சாலையோரத்தில் சிராப்பும் எலுமிச்சைச் சாறும் விற்றுக் குடும்பத்தைத் தாங்குபவர் அவர். நாள்தோறும் பனிக்கட்டி மூட்டைக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகும் என்பது அவரது கணக்கு. சேமிப்பு முழுவதையும் இதில் போட எண்ணியிருந்தார்.

நான் ஒரு தாளை எடுத்து வைத்து அவருடன் அமர்ந்தேன். எங்கள் இயந்திரத்தின் பெட்டியில் '24 மணி நேரத்தில் 18 கிலோ' என்று அச்சிட்டிருந்தது. வகுத்தால் மணிக்கு 750 கிராம். ஒரு குவளைக்கு 150 கிராம் என வைத்தால், மணிக்கு 5 குவளை மட்டுமே. முன்கூட்டியே சேர்த்து வைக்கலாமே என்றார். சேகரிக்கும் கூடை ஒரு கிலோதான் கொள்ளும். அது குளிரூட்டப்படுவதுமில்லை, உள்ளே இருப்பது மெல்ல உருகி மீண்டும் தொட்டிக்கே வடியும். நம் நாட்டுப் பிற்பகல் வெப்பத்தில் அச்சிட்ட அளவும் குறையும். அவர் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் தடித்த சுவருள்ள பனிப்பெட்டி ஒன்றை மட்டும் வாங்கினார். மூட்டையில் பாதி உருகி வீணாவது அதனால் நின்றது.

அப்படியானால் இவ்வியந்திரம் வீணா? அன்று. விருந்தினர் நால்வர் வந்தால் எங்களுக்கு அது போதுமானது. ஆயினும் சிலவற்றை எதிர்பார்த்தே வாங்க வேண்டும். கம்ப்ரசரும் விசிறியும் பம்பும் ஓசை எழுப்பும். சூடான காற்று வெளியேறச் சுற்றிலும் இடம் வேண்டும். முதல் சுற்றில் விழுபவை மெலிந்தே இருக்கும். கட்டிகள் ஈரமாக விழுவதால், அப்படியே உறைபெட்டியில் குவித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றினும் முக்கியமானது தூய்மை. உறைவதால் கிருமிகள் அனைத்தும் மடிவதில்லை. தெளிந்த கட்டியிலும் அவை இருக்கக்கூடும். ஆகவே வடிகட்டிக் கொதிக்க வைத்து ஆறிய நீரையே ஊற்றுகிறோம். உப்புகள் தொட்டி நீரிலேயே தங்கிச் செறிவதால் அதை நாள்தோறும் வெளியேற்றுகிறோம். வாரம் ஒருமுறை தொட்டியையும் கூடையையும் கழுவுகிறோம்.

வாங்க எண்ணும் பெற்றோர்கள் பெட்டியில் அச்சிட்ட எண்ணை 24ஆல் வகுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். வகுத்தல் பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால், கணக்கை அவரிடமே கொடுக்கலாம்.